எந்த ஹெல்மெட் வாங்கலாம்?

மோட்டார் சைக்கிள் வாங்க ஆறு மாதம் யோசிக்கிறோம். "மைலேஜ் எவ்வளவு?" என்று பத்துப் பேரிடம் கேட்கிறோம். ஹெல்மெட் வாங்கும்போது மட்டும் ஒரே கேள்விதான். "விலை குறைந்தது எது?"

அரும்பாவூரிலிருந்து பெரம்பலூருக்குப் போகிறவர்களைப் பாருங்கள். ஹெல்மெட் இருக்கும். எங்கே? பெட்ரோல் டாங்கின் மேல்! போலீஸ்காரரின் தொப்பி தெரிந்ததும் அது தலைக்கு ஏறிவிடும்.

சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி, 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமாக்கப்பட்டது. பின்னால் உட்காருபவருக்கும் அதே சட்டம்தான். ஆனால் எந்த மாதிரி ஹெல்மெட் வாங்குவது? இதில்தான் பலருக்குக் குழப்பம்.

முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் ஒன்று. தாடைப் பகுதியும் மண்டைப் பகுதியும் ஒரே ஓடாக இருக்கும். இன்னொன்று, தாடைப் பகுதியை நெற்றிக்கு மேலே தூக்கிக் கொள்ளும் ஹெல்மெட். இதற்குக் கீலும் பூட்டும் உண்டு.

தாடைக்கு ஏன் கவசம் என்று கேட்கலாம். ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே என்ற ஆராய்ச்சியாளர், விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டுகளை ஆராய்ந்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடி, தாடைப் பக்கத்தில்தான் விழுந்திருந்தது! தாடை உடைந்தவர் வாரக்கணக்கில் கஞ்சியும் சாறும் குடித்துக் கிடக்க வேண்டும். சம்பாதிக்கிறவர் இப்படிக் கிடந்தால், வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ச் சிற்பிகள் ஒரே கட்டையில் சிலையைச் செதுக்குகிறார்கள். ஒட்டுப் போட்ட வேலைக்கும் ஒரே கட்டை வேலைக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹெல்மெட்டிலும் அப்படித்தான். ஒரே ஓட்டில் கழன்று போகக் கீல் இல்லை. எடையும் பெரும்பாலும் குறைவு.

அப்படியானால் தூக்கும் ஹெல்மெட் வீணா? இல்லை. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது பெரிய வசதி. வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம். சித்திரை வெயிலில் கொஞ்சம் காற்று வாங்கலாம்.

ஆபத்து அந்த வசதியில்தான் இருக்கிறது. டீக்கடையில் தூக்கியதை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்கள். வெற்றிலை போடுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினால், கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய தாடைக் கவசம் நெற்றிக்கு மேலே சும்மா இருக்கிறது.

ஐரோப்பியச் சான்று பெற்ற ஹெல்மெட்டில் "பி" என்ற எழுத்து இருந்தால், தாடைப் பகுதி பாதுகாப்புத் தரும் என்று அர்த்தம். "ஜே" என்றால் தராது. தூக்கும் ஹெல்மெட்டில் "பி/ஜே" என்று இரண்டும் இருந்தால், மூடிய நிலை, திறந்த நிலை இரண்டிலும் சோதித்தது.

என் கருத்து இதுதான். வீட்டுக்கு ஒரு ஹெல்மெட்தான் வாங்க முடியும் என்றால், முகம் மூடுவதையே வாங்குங்கள். கண்ணாடி போடுகிறவர், ஓடும்போது மூடியே வைப்பேன் என்கிறவர், தூக்குவதை வாங்கலாம். கல்லூரிக்குப் போகும் பையனுக்கு வேண்டாம். அவன் மூட மாட்டான்!

எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது.

கடையிலேயே தலையில் மாட்டி, பட்டையைப் பூட்டுங்கள். பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் உருட்டித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால், கடைக்காரரிடம் ஒரு அளவு சிறியதாகக் கேளுங்கள்.