ஸ்பீடோமீட்டர் முள் துள்ளுதா? முதல்ல கேபிளைப் பாருங்க!

பாஞ்சாலங்குறிச்சி கோட்டையைப் பார்த்துவிட்டு, பழைய மாருதி 800-ல் தூத்துக்குடி திரும்புகிறீர்கள். நிதானமாக 40-ல்தான் போகிறீர்கள். முள்ளோ 20-க்கும் 60-க்கும் துள்ளுகிறது. மீட்டரை மாற்ற அவசரப்படாதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் காய்ந்தோ மடங்கியோ இருக்கும். கழற்றித் துடைத்து, லேசாக கிரீஸ் பூசினாலே பெரும்பாலும் சரியாகும். மேல்முனையில் மட்டும் பூசாதீர்கள். கிரீஸ் உள்ளே ஏறினால் மீட்டரும் போச்சு!

முள் செத்து, கிலோமீட்டர் மட்டும் ஓடினால் கோளாறு மீட்டரில். இரண்டும் நின்றால், கேபிள் அறுந்திருக்கலாம்.

சென்சார் வைத்த காரா? உப்பளக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்திருக்கிறதா, பாருங்கள்.

சரிசெய்யும்வரை பக்கத்தில் இருப்பவர் போன் மேப்பில் வேகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களே, கேபிள் அறுந்த நாள்களில் ஓடிய கிலோமீட்டர் கணக்கில் ஏறியிருக்காது!