கடன் பத்திரத்தில் நம்ம கைநாட்டு

குன்னம், செந்துறை பக்கம் வானம் பார்த்த காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற எந்த உழவருக்கும் கடனில் இரண்டு வகை உண்டு என்று தெரியும். கிணறு வெட்ட, கறவை மாடு வாங்க வாங்கும் கடன் ஒன்று. வாய்க்கும் வயிற்றுக்கும் வாங்கும் கடன் இன்னொன்று. முதல் கடன் மெதுவாகவாவது தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். இரண்டாவது கடன் கடைசியில் காட்டைத்தான் கேட்கும். வீட்டுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிற நாம், ஓட்டுப் போடப் போகும்போது மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

2025-26 நிதிநிலை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 2026 மார்ச் முடிவில் தமிழ்நாட்டின் நிலுவைக் கடன் ஏறக்குறைய 9.30 லட்சம் கோடி ரூபாய் இருக்கும் என்று அரசே சொன்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வகுத்தால் தலைக்கு 1.29 லட்சம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் இதில் பங்கு உண்டு.

கடன் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எதற்கு வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி. அந்த ஆண்டுக்குப் போட்ட நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. அதில் 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. அதாவது, வாங்கும் நூறு ரூபாய் கடனில் 39 ரூபாய், சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே போகிறது. இது யூரியா போட்ட வயல் மாதிரி. இந்த வருசம் பச்சை தெரியும், அடுத்த வருசம் இன்னொரு மூட்டை கேட்கும்.

கட்சிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. 2006-இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று அறிவித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-இல் தீர்ப்பு வந்தது. வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கட்சிகள் சொல்ல வேண்டும் எனத் தேர்தல் ஆணையமும் நடத்தை விதியில் சேர்த்தது. ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டோம்? 2016-இல் பணப் பட்டுவாடாவால் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே ரத்து செய்தார்கள். கொடுத்தவன் முதலீடு போட்டிருக்கிறான். அதை ஏரி மண்ணிலும் ரோட்டு கான்ட்ராக்டிலும் எடுக்காமல் விடுவானா?

உழவர்கள் நாமும் விலக்கல்ல. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. நொந்து கிடந்த குடும்பங்களுக்கு அது மூச்சு விட உதவியது, மறுக்கவில்லை. ஆனால் விளைந்ததற்குக் கட்டுப்படியான விலை வராதவரை கடன் திரும்ப வரும். கடனே வாங்காமல் சாணமும் கோமியமும் வைத்து விவசாயம் செய்தவருக்கு அந்தத் தள்ளுபடியில் ஒரு பைசாவும் இல்லை. பள்ளிச் சாப்பாடும் ரேஷன் அரிசியும் வேறு. அவை கிணறு வெட்டுகிற செலவு. இந்த வித்தியாசத்தைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர்தான் பொறுப்புள்ள வாக்காளர்.

நம்ம ஜனநாயகத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஐந்து வருசத்துக்கு ஒரு நாள் மட்டும் நாம் ராஜா. சரியில்லாத உறுப்பினரைத் திருப்பி அழைக்க வழி கிடையாது. கடனைக் கட்டப்போகிற பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குப் பெயர் கொடுக்க முடியாது. நிலம் இருந்தவருக்கே இடம் தந்த சபை அது, அந்தக் காலம் திரும்ப வேண்டாம். கணக்குக் கேட்கிற அந்த விதி மட்டும் வேண்டும்.

கேட்பதற்கு இடம் கிராம சபை. வருசத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரம்பலூர், அரியலூர் உட்பட 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக் காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. நாம் தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத காலத்தில்தான் கணக்கு இன்னும் கறாராகக் கேட்கப்பட வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு ஊருக்குப் பத்து உழவர்களாவது போங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஊராட்சிக் கணக்கைக் கேட்டுப் பழகியவர் நாளைக்குச் சட்டமன்ற வேட்பாளரிடமும் கேட்பார்: "இதுக்குப் பணம் எங்கேருந்து வரும்? யார் கட்டுவாங்க?"