மைக்ரானை மட்டும் அளந்தால் போதுமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த பிளாக்குக்குப் போனாலும் இரண்டு பிளாஸ்டிக் பொருட்களைப் பார்க்கலாம். மொட்டை மாடியில் கறுப்பு வாட்டர் டேங்க். கொல்லைப்புறத்தில் கைப்பிடி உடைந்து செடித்தொட்டியாகிவிட்ட பக்கெட். டேங்க் பல அக்னி நட்சத்திரங்களைத் தாண்டி நிற்கிறது. வெயிலில் கிடக்கும் மட்டமான பக்கெட்டோ இரண்டு கோடையைத் தாண்டுவதில்லை. இரண்டும் பிளாஸ்டிக்தானே, ஏன் இந்த வித்தியாசம்? டேங்க் தடிமன் அதிகம் என்பது பாதி பதில்தான். மீதி பதில், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கிறது.

மெழுகுவர்த்தியும் பாலித்தீன் கவரும் ஒரே குடும்பம் என்றால் நம்புவீர்களா? இரண்டிலும் இருப்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி, அதைச் சுற்றி ஹைட்ரஜன். மெழுகில் ஒரு சங்கிலிக்குச் சுமார் 20 முதல் 40 கார்பன். பாலித்தீனில் ஆயிரக்கணக்கில். குட்டைச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாது. அதனால் மெழுகுவர்த்தி வளைத்தால் பட்டென்று ஒடிகிறது. நீளச் சங்கிலிகள் இடியாப்பம் மாதிரி பின்னிக் கிடக்கும். அதனால் கவர் ஒடியாமல் நீள்கிறது.

கவரில் ஒரு பட்டை வெட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி நீண்டுகொண்டே போகும். சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசை பிடிக்கின்றன. அந்தத் திசையில் வலு கூடும், ஆனால் நீளவாக்கில் சுலபமாகப் பிளக்கும். உரச்சாக்கு நெய்கிற பிளாஸ்டிக் நாடாவையும் இப்படி இழுத்துத்தான் செய்கிறார்கள். சங்கிலியில் கிளைகள் இருக்கிறதா என்பதும் முக்கியம். கிளை குறைந்த எச்.டி.பி.ஈ. நெருக்கமாக அடுங்கி விறைப்பாக இருக்கும். கிளைகள் நிறைந்த எல்.டி.பி.ஈ. மெத்தென்று இருக்கும்.

இப்போது பக்கெட்டுக்கு வருவோம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து சங்கிலிகளை அறுக்கின்றன. நீளம் குறையக் குறைய, பக்கெட் மெல்ல மெழுகுவர்த்தியின் குணத்துக்கு வந்துவிடுகிறது. நிறம் வெளுக்கும், விரலில் மாவு ஒட்டும், பிறகு கைப்பிடி மாட்டிய ஓட்டையில் விரிசல் விடும். ஷாம்பு சாஷேயின் ஓரத்தில் சின்ன வெட்டு வைப்பது எதற்கு? இழுவை முழுக்க அந்த ஒரு புள்ளியில் குவியத்தான். ஓட்டையின் ஓரமும் அதே வேலையைச் செய்கிறது. டேங்க்கில் கலந்துள்ள கார்பன் பிளாக் என்ற கரித்தூளோ அந்தக் கதிரை உள்ளே விடுவதில்லை. கறுப்பு நிறம் அழகுக்காக அல்ல!

மறுசுழற்சியிலும் இதே கதைதான். பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் ஒவ்வொரு முறையும் சங்கிலி அடி வாங்குகிறது. பாலித்தீனையும் பாலிபுரோப்பிலீனையும் பிரிக்காமல் கலந்தால் அவை சரியாக ஒட்டுவதும் இல்லை. தடிமன் அதேதான், வலு வேறு.

ஆனால் சட்டம் பெரும்பாலும் எதை அளந்தது? கேரி பேக்குக்கு மத்திய அரசு வைத்த குறைந்தபட்சத் தடிமன் 1999ல் 20 மைக்ரான், 2011ல் 40, 2016ல் 50, 2021ல் 75, 2022 கடைசியில் 120. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல், தடிமன் எதுவானாலும் கூடாது என்று 14 வகைப் பொருட்களைத் தடை செய்தது. மெல்லிய கவரைப் பொறுக்கி எடுப்பதே கஷ்டம் என்பதால் மைக்ரான் கணக்குக்கு நியாயம் உண்டு. ஆனால் இரண்டே கோடையில் உடைகிற பக்கெட்டும் குப்பைதானே? ஒரு பக்கெட்டின் எடையில் எத்தனை கவர் செய்யலாம்!

அதே ஊரின் சுரங்கத்தைப் பாருங்கள். மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டில் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகு வடம். அடியையும் தேய்மானத்தையும் தாங்குவது, கந்தகத்தால் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்த ரப்பர். அப்படிப்பட்ட பெல்ட்டை எவ்வளவு இழுவைக்கு அறும் என்ற எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். விரலால் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. கம்பெனிக்கு ஒரு நியாயம், குடும்பத்துக்கு ஒரு நியாயமா?

வாட்டர் டேங்க்குக்கு ஐ.எஸ். 12701 என்ற தரம் இருக்கிறது. பக்கெட், குடம், நாற்காலி வாங்குகிறவருக்கும் மூன்று தகவல் அச்சில் வேண்டும்: எந்த பிளாஸ்டிக், புதிதா மறுசுழற்சியா, வெயிலில் வைக்கலாமா. அதுவரை பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணையாவது திருப்பிப் பாருங்கள். 2 என்றால் எச்.டி.பி.ஈ., 4 எல்.டி.பி.ஈ., 5 பாலிபுரோப்பிலீன். எண்ணே இல்லையென்றால், கடைக்காரரிடம் ஏன் இல்லை என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அச்சடிக்கத் தோன்றும்.