கபடி வாலிபனின் முதல் ஒப்பந்தம்

ஒன்பது லட்சம் ரூபாய் என்பது அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்களில் அற்பத் தொகையன்று. பருத்தியும் மல்லியும் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்காக வானத்தைப் பார்த்து நிற்கும் குடியானவனும், தறிக்குழியில் காலிட்டு நாள் முழுதும் சேலை நெய்யும் நெசவாளியும், நூல் மில்லில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளியும் அத்தொகையை ஒருசேரக் கையில் காண்பது அபூர்வம். ஆனால் 2023ல் நடந்த புரோ கபடி லீக் ஏலத்தில், யாவரினும் கீழ் வகுப்பான ‘டி’ வகுப்பு ஆட்டக்காரனுக்கு விதிக்கப்பட்ட ஆரம்ப விலையே 9 லட்சம் ரூபாய்தான். இச்செய்தி நரிக்குடிக்கும் பரளச்சிக்கும் பந்தல்குடிக்கும் எட்டிவிட்டது. கோயில் பொங்கலில் விளக்கு வெளிச்சத்தில் சடுகுடு ஆடும் ஒவ்வொரு வாலிபனின் நெஞ்சிலும் இந்த எண் குடியேறிவிட்டது. ஆகையால் அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பது நமது கடமையாகிறது.

லீக் கூடாது என்பது நமது கட்சியன்று. நம் பாட்டன்மார் மண்ணில் ஆடிய ஆட்டத்துக்கு உலகத்தார் காசு கொடுத்துப் பார்க்கும் மதிப்பு வந்ததில் நமக்குப் பெருமையே. 2014ல் முதல் ஏலம் நடந்தபோது, யாவரினும் அதிக விலை பெற்ற ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2023ல் பவன் செஹ்ராவத்தைத் தெலுகு டைட்டன்ஸ் அணி 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. ஒன்பதே வருஷத்தில் இருபது மடங்கு! 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில், கபடியில் ஆண், பெண் இரு அணிகளும் இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தன. அவ்வணிகளில் ஆடிய தமிழ்நாட்டார் இருவருக்கும் தமிழ்நாட்டு சர்க்கார் தலா 25 லட்சம் ரூபாய் அளித்தது. இவையெல்லாம் மெய். ஆனால் மெய்யில் பாதியை மட்டும் சொல்வது பொய்யைவிடக் கேடு விளைவிக்கும்.

மறு பாதி என்ன? அதே 2023ல் ஓர் அணி தன் ஆட்டக்காரர் அனைவருக்குமாகச் செலவிடக்கூடிய தொகையின் உச்ச வரம்பு 5 கோடி. அணியிலோ குறைந்தது 18 பேர் இருந்தாக வேண்டும். ஒருவருக்கே பாதிக்கு மேல் போய்விட்டால் மற்றவர் எல்லோரும் மிச்சத்தைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். பத்திரிகையில் படம் வருவது கோடிக்காரருக்கு. நம் ஊர்ப் பையன் போய்ச் சேருவது பந்தியின் கடைசி இலையில். அந்த ‘டி’ வகுப்பு ஆரம்ப விலைகூட, ஏலத்தில் ஓர் அணியாவது கேட்டால்தான் காசு. எவரும் கேட்காவிட்டால் அது காகிதத்தில் எழுதிய எண்ணாகவே நின்றுவிடும். இவர்களன்றி, ஏலத்துக்கே வராமல், ‘புதிய இளம் வீரர்’ என்ற பெயரில் அணிகள் நேராக ஒப்பந்தம் செய்துகொள்ளும் வாலிபர்களும் உண்டு. அவர்களுக்கு ஏலத்தின் போட்டி விலை என்ற ஆதரவும் கிடையாது.

இனி, அதிர்ஷ்டசாலி ஒருவனுக்கு 9 லட்சம் கிடைத்தது என்றே வைத்துக் கணக்குப் பார்ப்போம். தொழிற் கட்டணமாகக் கொடுக்கப்படும் பணத்தில் நூற்றுக்குப் பத்து வருமான வரிக்கென முன்னதாகவே பிடிக்கப்படும். அது 90 ஆயிரம். பான் எண் இல்லாதவனாயின் நூற்றுக்கு இருபது போய்விடும். அவனை அணிக்கு அறிமுகம் செய்த தரகர் நூற்றுக்குப் பத்து கேட்டால் இன்னுமொரு 90 ஆயிரம். கைக்கு வருவது 7 லட்சத்து 20 ஆயிரம். ஊரில் அப்பன் வாங்கிய கடன், அக்காள் கல்யாணத்துக்கு அடகு வைத்த நகை, நண்பர்கள் கேட்கும் விருந்து, தவணையில் எடுக்கும் மோட்டார் சைக்கிள் எல்லாம் அதன் பிறகு வரிசையில் நிற்கின்றன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னதாகப் பிடித்த அந்த 90 ஆயிரம் கெட்டுப்போன காசு அன்று. 2025 பட்ஜட்டில் செய்த ஏற்பாட்டின்படி, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானமுள்ளவருக்கு வருமான வரி விழாது. ஆதலால் வேறு வருமானம் இல்லாத அந்த வாலிபன் காலத்தில் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த தொகை முழுவதும் திரும்பி வரும். தாக்கல் செய்யாதவனுக்கு யாரும் வீடு தேடி வந்து கொடுக்கமாட்டார்கள். ஒரு படிவத்தை நிரப்பத் தெரியாமையால் 90 ஆயிரம் ரூபாயை இழக்கலாமா?

அதையும் திரும்பப் பெற்றான் என்றே கொள்வோம். 8 லட்சத்து 10 ஆயிரம். ஒரு வருஷத்துக்கு வகுத்தால் மாதம் 67,500 ரூபாய். உத்தியோகஸ்தர் சம்பளம் போலத் தோன்றும். ஆனால் அடுத்த பருவத்திலும் அவனை எடுப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி? மூன்று வருஷத்துக்கு அதுவே ஜீவனம் என்று வைத்து வகுத்தால் மாதம் 22,500 ரூபாய். முதல் ஒப்பந்தத்தின் உண்மையான மதிப்பு இதுதான். லட்சத்தில் கேட்டால் தலை சுற்றுகிறது. மாதத்தில் வகுத்தால் தலை தெளிகிறது.

மூன்று வருஷம் என்று நாம் சொல்வது வீண் பயமன்று. புரோ கபடியின் ஏழாம் பருவம் 2019 அக்டோபரில் முடிந்தது. கொரோனா நோயால் ஆட்டம் தடைப்பட்டு, எட்டாம் பருவம் 2021 டிசம்பரில்தான் ஆரம்பமாயிற்று. இரண்டு வருஷத்துக்கு மேல் களம் வெறிச்சோடிக் கிடந்தது; அடுப்பு மட்டும் தினம் எரிய வேண்டியிருந்தது. 2022ல் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்த அதே பவன் செஹ்ராவத், தமது முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம்பட்டு அப்பருவம் முழுவதும் ஆடவில்லை. பேர் பெற்ற அவர் மறு வருஷமே முன்னிலும் அதிக விலை பெற்றார். அதே காயம் பெயர் தெரியாத பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஏற்பட்டிருந்தால், மறு வருஷம் அவனைத் தேடி யார் வந்திருப்பார்கள்?

கபடிக்கு மட்டும் உள்ள ஆபத்தன்று இது. கால்பந்தைப் பாருங்கள். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய கம்பெனிக்கும் இடையிலான உடன்படிக்கை புதுப்பிக்கப்படாமையால், 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் அணி தன் முதல் வரிசை ஆட்டக்காரர் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னை அணியும் தன் வேலைகளை நிறுத்தியது. ஆட்டம் 2026 பிப்ரவரியில் தொடங்கும் என்ற அறிவிப்பு ஜனவரியில்தான் வந்தது. பெரிய மனிதர்கள் இருவர் கையெழுத்திடாத பத்திரத்துக்காக, கையெழுத்திட்ட பத்திரம் வைத்திருந்த ஆட்டக்காரர்கள் பட்டினியை எதிர்நோக்கினார்கள்.

அமெரிக்காவில் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்துக்கும் ஃபுட்பால் என்றே பெயர். அங்கே ஆட்டக்காரர் சங்கம் முதலாளிகளுடன் பேசி, புதியவனுக்கும் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்திருக்கிறது. 2025ல் அது வருஷத்துக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் டாலர். நம் பணத்தில் ஏழு கோடிக்கு மேல். அத்தகையவர்கள் செல்வர்களாகவே சாவார்கள் என்று நினைப்போம். ஆனால் 2015ல் பொருளாதார ஆராய்ச்சியாளர் நால்வர் வெளியிட்ட ஆய்வின்படி, ஆட்டத்தை விட்டுப் பன்னிரண்டு வருஷத்துக்குள் நூற்றுக்குச் சுமார் 16 பேர் இன்ஸால்வென்ஸிக் கோர்ட்டை நாடினார்கள். அதனினும் வியப்பு, அதிகம் சம்பாதித்தவரும் குறைவாகச் சம்பாதித்தவரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் முழுகினார்கள் என்பதே. ஆகவே கேடு தொகையின் சிறுமையில் இல்லை. சில வருஷத்தில் கொட்டிவிட்டு நின்றுபோகும் பணத்தை நிரந்தரமான ஊற்று என்று நம்புவதில் இருக்கிறது.

இந்த உண்மையை அமெரிக்காவிலிருந்து கற்க வேண்டிய அவசியம் நம் கரிசல் சீமைக்கு இல்லை. ஒரு மழையில் கண்மாய் நிரம்பினால் அதை நம்பி மூன்று போகம் பயிரிடுகிறவன் இங்கே எவன்? மடையை அளவாகத் திறந்து, கரையைக் காத்து, அடுத்த மழைவரை தண்ணீரை நீட்டுவதல்லவா நம்மவர் அறிவு! முதல் ஒப்பந்தப் பணமும் ஒரு பருவத்து மழைதான். அது ஊற்றுக் கிணறு அன்று. முன்பணம் என்ற சொல்லின் பொருளும் நமக்குப் புதிதன்று. முன்பணம் வாங்கிய நெசவாளி, அது தீரும்வரை வேறு முதலாளியின் பாவை நெய்ய முடியாமல் கட்டுண்டு கிடந்த கதையை அருப்புக்கோட்டைத் தெருக்கள் அறியும். தறிக்குழியில் கற்ற பாடத்தைக் கபடிக் களத்தில் மறப்பானேன்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வக்கீல் தொழில் அறிந்தவர்கள் என்ற முறையில் கூறிவிடுகிறோம். 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவன் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவன். அவன் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903ல் முடிவு கூறியது. பதினேழு வயதுப் பையனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “நீ கட்டுப்பட்டவன்” என்று மிரட்டும் தரகரின் பேச்சுக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. அதே சட்டத்தின் 27வது பிரிவு, ஒருவன் தன் தொழிலைச் செய்யாமல் தடுக்கும் நிபந்தனைகளைச் செல்லாதவையாக்குகிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் மீது அவருடைய விளம்பர ஏஜண்டுக் கம்பெனி தொடுத்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் அவரைக் கட்டிவைக்கும் நிபந்தனை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 2006ல் தீர்ப்பளித்தது. ஜாகீர் கானுக்கு வக்கீல் இருந்தார். திருச்சுழிப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே நாம் மூன்று காரியங்களைக் கோருகிறோம். முதலாவது, எந்த ஒப்பந்தமும் தமிழிலும் எழுதப்பட வேண்டும்; கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீல் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். இதற்குப் புது இலாகா வேண்டியதில்லை. 1987ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் தாலுகாதோறும் சட்டப் பணிகள் குழுக்கள் ஏற்பட்டிருக்கின்றன. தொகை எத்தனை தவணையில் வரும், காயம்பட்டால் மீதியைக் கொடுப்பார்களா, வைத்தியச் செலவு யாருடையது, இரண்டாம் வருஷம் வைத்துக்கொள்வதா விடுவதா என்ற உரிமை யாரிடம் இருக்கிறது என்ற நான்கு கேள்விகளையாவது அக்குழுவின் வக்கீல் கேட்டுச் சொல்லட்டும்.

இரண்டாவது, காயத்துக்கும் கூலிப் பாக்கிக்கும் விதி வேண்டும். உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2018ல் செய்த விதிப்படி, இரண்டு மாதச் சம்பளம் கொடுபடாவிட்டால், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஆட்டக்காரன் வெளியேறலாம். கபடிக்கும் இத்தகைய விதி எழுதுவதில் என்ன கஷ்டம்? இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர்கள் 2006லேயே சங்கம் கண்டார்கள். கபடி ஆட்டக்காரரும் ஒன்றுபட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். கோடிக்காரர்கள் கடைசி இலைக்காரனுக்காகப் பேசுவது அவர்களுக்கும் கௌரவம்.

மூன்றாவது கோரிக்கை பெற்றோருக்கும் ஊராருக்கும். லீகில் இடம் கிடைத்தது என்று பையனின் கல்லூரிப் படிப்பை நிறுத்தாதீர்கள். தமிழ்நாட்டு சர்க்கார் வேலைகளில் விளையாட்டு வீரருக்கு நூற்றுக்கு மூன்று ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் போலீஸும் கபடி ஆட்டக்காரரை எடுக்கின்றன. அந்த வேலைக்குப் பதக்கம் மட்டும் போதாது. படிப்புத் தகுதியும் வேண்டும். கால் தளர்ந்த பின்னும் மாதம் தவறாமல் வரும் சம்பளம் அதுவே. முதல் ஒப்பந்தப் பணத்தில் பாதியை அவன் பெயரிலேயே பாங்கியில் போட்டு வையுங்கள். ஊருக்குப் பந்தல் போடுவதும் கட்-அவுட் வைப்பதும் அவனுக்குச் செய்யும் மரியாதையன்று.

ஆசிய விளையாட்டுக்களில் நம் நாட்டுக்குத் தங்கம் தேடித் தருபவர்கள் கபடி வாலிபர்கள். நாட்டின் கொடி ஏறும்போது நாம் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். கொடியை ஏற்றியவன் காலொடிந்து ஊர் திரும்பும்போது, கரிமூட்டம் போடும் கூலிக்கு அவன் போவதைக் கண்டு உட்கார்ந்திருப்பது தேச பக்தியாகாது. மைதானத்தில் எதிரியைத் தொட்டுவிட்டு மூச்சடக்கி மீள்வதற்கு அவனுக்குத் தெரியும். ஒப்பந்தப் பத்திரத்தினின்று மீள்வதற்கு நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.