உறை போதாது, தையல் வேண்டும்!

காரில் எத்தனையோ பாகங்கள் உண்டு. ஆனால் வண்டி ஓடும் நேரமெல்லாம் டிரைவரின் கை பட்டுக்கொண்டே இருக்கும் பாகம் ஒன்றுதான். அது ஸ்டியரிங் சக்கரம்.

வண்டியில் இருக்கும் அத்தனை பேரின் உயிரும் அந்த வளையத்தை நம்பி இருக்கிறது. அது தேய்ந்துபோனால் என்ன செய்கிறோம்? கடைக்குப் போகிறோம். மலிவான உறை ஒன்றை வாங்குகிறோம். பழைய சக்கரத்தின் மேல் மாட்டிவிடுகிறோம். "புதுசு போல இருக்கிறது" என்று திருப்தி அடைகிறோம்.

இது தவறு. தேய்ந்த சக்கரத்துக்கு நல்ல தோலை இழுத்துப் பிடித்துத் தைப்பதே சரியான வைத்தியம்.

ஏன் தேய்கிறது?

கையில் வியர்வை இருக்கிறது. வியர்வையில் உப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பசையும் இருக்கிறது. இவை தினமும் சக்கரத்தில் ஊறுகின்றன. கண்ணாடி வழியாக வெயில் விழுகிறது. வெயிலில் தோல் காய்ந்து வெடிக்கிறது. பிளாஸ்டிக் வெளுத்துப்போகிறது.

மாமல்லபுரம், கோவளம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. அங்கே காற்றில் எப்போதும் ஈரம். மெத்தென்று இருப்பதற்காகச் சில சக்கரங்களின் மேல் ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்தப் பூச்சைச் சிதைத்துவிடும். சில ஆண்டுகளில் சக்கரம் வெல்லப்பாகு போலக் கையில் ஒட்டும்.

கிருமிநாசினி பூசிய கையை உலர்த்தாமல் சக்கரத்தைப் பிடிப்பதும் கெடுதல். அதில் உள்ள ஆல்கஹால் தோலின் மேல்பூச்சை அரிக்கும்.

உறை செய்யும் மோசம்

கடையில் விற்கும் உறை எல்லா வண்டிக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. ஒரு வண்டிக்குச் சரியாக இருக்கும்; இன்னொரு வண்டிக்குத் தளர்வாக இருக்கும்.

தளர்ந்த உறை என்ன செய்யும்? வளைவில் திருப்பும்போது உறை மட்டும் கையோடு சுழலும். உள்ளே சக்கரம் அப்படியே நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது இது நடந்தால்? அரை விநாடி தாமதம் போதும், வண்டி பாதை மாறிவிடும்.

உறைக்கு அடியில் ஒட்டும் பூச்சும் அழுக்கும் அப்படியே இருக்கின்றன. புண்ணைக் கழுவாமல் மேலே துணியைச் சுற்றுவது போன்ற காரியம் இது.

தைப்பது எப்படி?

தோல் தையலில் ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு வேலையும் சக்கரத்தின் அளவைப் பார்த்தே நடக்கிறது.

முதலில் பழைய பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். பள்ளம் இருந்தால் நிரப்பிச் சமன் செய்ய வேண்டும். பழைய தோல் இருந்தால், அதன் தையலைப் பிரித்து விரித்து, அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒட்டும் காகிதப் பட்டையைச் சக்கரத்தின் மேல் சுற்றி, கோடு போட்டு, வெட்டி எடுத்து அளவு பிடிப்பார்கள்.

பிறகு தோலை வெட்டுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அல்லது சற்றுக் கூடுதல் கனமுள்ள தோல் ஏற்றது. இங்கேதான் தொழில் நுட்பம் இருக்கிறது. வளையத்தைச் சுற்றத் தேவையான அகலத்தைவிடச் சில மில்லிமீட்டர் குறைத்து வெட்ட வேண்டும். சுற்றினால் இரண்டு ஓரங்களும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. நூல்தான் அவற்றை இழுத்துச் சேர்க்க வேண்டும். அந்த இழுவையால் தோல் சக்கரத்தை இறுகப் பற்றுகிறது. அதன் பிறகு எவ்வளவு திருப்பினாலும் நழுவாது.

ஓரங்களில் சம இடைவெளியில் துளைகள் போடுகிறார்கள். மெழுகு பூசிய நைலான் நூலை இரண்டு ஊசிகளில் கோத்து, ஷூவுக்குக் கயிறு கட்டுவது போல மாறி மாறித் தைக்கிறார்கள். தையல் வளையத்தின் உட்பக்கம் வரும். உள்ளங்கைக்கு உறுத்தாது.

ஒரு கணக்குப் பாருங்கள். சாதாரணக் காரின் சக்கரம் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளது. அதன் உட்பக்கச் சுற்றளவு சுமார் ஒரு மீட்டர். 5 மில்லிமீட்டருக்கு ஒரு துளை என்றால், ஓர் ஓரத்துக்கு 200 துளைகள். இரண்டு ஓரத்துக்கும் 400! ஒவ்வொரு துளையிலும் நூலை ஒரே பலத்துடன் இழுக்க வேண்டும். ஓர் இடத்தில் கை தளர்ந்தால் அங்கே சுருக்கம் விழும். இது பல மணி நேர வேலை.

இத்தனைக்கும் கூலி கேட்டால், "உறை இதில் கால் பங்கு விலைதானே!" என்கிறோம். 400 துளைகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தோலும் காரும் வளர்ந்த மண்

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இந்தத் தொழிலில் தனி உரிமை இருக்கிறது. தோலும் மோட்டார் காரும் இரண்டுமே வளர்ந்த மண் இது.

தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது பழைய வழக்கம். 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ஸ் என்பவர் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1903-ல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் அந்த முறையைச் சோதிக்கத் தொடங்கினார். எதற்காக? கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக்காக! கவலையின் தோல் பை தண்ணீரில் நனைந்து நனைந்து சீக்கிரம் கெட்டது. குரோம் தோல் தண்ணீருக்கு அசையாமல் நின்றது.

பிறகு ஜி.ஏ.சேம்பர்ஸ் பல்லாவரம் அருகே குரோம் தோல் தொழிற்சாலையை நிறுவினார். அந்த ஆலையின் பெயரால்தான் குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே வந்தது. அதே குரோம்பேட்டையில் 1949-ல் சி.ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியில் மோட்டார் பொறியியலும் பாடமானது.

அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வண்டலூர். அங்கே 1960-களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் தயாராயின. இன்னும் தெற்கே மறைமலைநகர். அங்கே ஃபோர்டு கார் உற்பத்தி 2022 வரை நடந்தது. செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா சிட்டியில் 2007-ல் பி.எம்.டபிள்யூ. ஆலை வந்தது.

ஆலைகள் வரும், போகும். அவை செய்த வண்டிகள் வீட்டு வாசலில் நிற்கின்றன. உற்பத்தி நின்றுபோன காருக்குப் புதுச் சக்கரம் தேடி அலைவதைவிட, இருக்கும் சக்கரத்துக்குத் தோல் தைப்பது எளிது.

பாலாறு சொல்லும் கணக்கு

தோல் என்றதும் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதித் தோல் ஆலைக் கழிவுகள் பாலாற்றைக் கெடுத்தன. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பாலாறு செங்கல்பட்டு மாவட்டத்து வயலூர் அருகேதான் கடலில் கலக்கிறது.

"அப்படியானால் தோலே வேண்டாமே!" என்று சிலர் கேட்கலாம். பிளாஸ்டிக் உறையும் பாவமற்றது அல்ல. ஓரிரு ஆண்டில் கிழிந்து குப்பைக்குப் போகிறது. அது மக்குவதும் இல்லை.

ஒரு சக்கரத்துக்கு வேண்டிய தோல் மிகக் குறைவு. ஒன்பது, பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டை போதும். அதையும் நான்கு துண்டுகளாக இணைக்கலாம். ஒட்டுகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் அருகே வந்துவிடும். பையும் செருப்பும் செய்யும் இடங்களில் மிஞ்சும் துண்டுகளில் தரமானவற்றைப் பொறுக்கி இந்த வேலையை முடிக்கலாம். ஆறு கொடுத்த விலைக்கு வந்த தோலை வீணாக்காமல் இருப்பது நம் கடமை.

கவனிக்க வேண்டியவை

ரெக்ஸினைத் தோல் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் துணி தெரிந்தால் அது ரெக்ஸின். நார் நாராக இருந்தால் தோல். பின்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தோலானால் மெல்ல உறிஞ்சும்.

சக்கரத்தின் நடுவே காற்றுப்பை இருக்கும் வண்டிகளில் எச்சரிக்கை தேவை. விபத்து நேர்ந்தால் அந்தப் பை கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரிய வேண்டும். ஆகவே நடுப்பகுதியின் மேல் எதையும் தைக்கவோ ஒட்டவோ கூடாது. வளையத்தை மட்டும், வண்டியிலிருந்து கழற்றாமலே தைக்க முடியும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், காற்றுப்பை வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

கைக்கு மதிப்பு

மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் கைக்கு நாடே மரியாதை செய்கிறது. சிற்பம் கற்பிக்க 1957-ல் அங்கே அரசே கல்விக்கூடம் தொடங்கியது. மிக நல்ல காரியம்.

அதே மாவட்டத்தில் தோல் ஊசி பிடிக்கும் கைக்கு என்ன மரியாதை? தோலைத் தொடுபவனைத் தொடக் கூடாது என்று ஒரு காலத்தில் சொன்ன சமூகம் இது. இன்று தோல் சுற்றிய சக்கரத்தைப் பெருமையோடு பிடிக்கிறது. விலை உயர்ந்த காரில் கைத்தையல் இருந்தால், "அடடா!" என்று தடவிப் பார்க்கிறது. ஆனால் தெருவோரத்தில் உட்கார்ந்து தைப்பவரிடம் மட்டும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறது.

இந்தப் புத்தி மாற வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் தோல் தையலும் கற்றுத் தரலாம். பெரிய எந்திரம் வேண்டாம். ஊசி, நூல், கத்தி, குத்தூசி, பொறுமை இருந்தால் போதும். சிறு முதலில் ஒரு குடும்பம் பிழைக்க வழி பிறக்கும். தையல் தெரிந்த பெண்களும் வீட்டுக்கு அருகிலேயே செய்யக்கூடிய தொழில் இது.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் சக்கரத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, தோலை மட்டும் திருப்ப முயன்று பாருங்கள். நகர்ந்தால் திரும்பத் தைக்கச் சொல்லுங்கள். நகரவில்லை என்றால், பேரம் பேசாமல் கேட்ட கூலியைக் கொடுத்துவிடுங்கள்.