டிரைவர் வேண்டாத பெட்டி

தலைப்பைப் பார்த்து வாடகைக் கார் சமாச்சாரம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற ஒரு சின்னப் பெட்டியைப் பற்றியது. ஆடியோ இண்டர்ஃபேஸ் என்கிறார்கள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதை வாங்குவதில் நான் பட்ட பாட்டையும், அதனால் எனக்கு ஏற்பட்ட பிடிவாதத்தையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் பக்கத்தில் வில்லுப்பாட்டு அண்ணாவி ஒருவர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வரும் ஆவணியில் 81 முடிகிறது. அஞ்சுகிராமம், அழகப்பபுரம், பழவூர், அந்தப் பக்கம் கூடங்குளம் வரைக்கும் அவர் பாடாத கொடை குறைவு. தோட்டுக்காரி அம்மன் கதையைத் தன் ஆசான் சொல்லிக் கொடுத்த பாடத்திலேயே முழுக்கப் பாடுகிறவர். இப்போதெல்லாம் கொடைகளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் பாட விடுவதில்லை. அதற்குள் செண்டை மேளம் வந்துவிடுகிறது. கதையின் பாதி அவர் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது.

என்னிடம் அவர் பாடிய கேசட் ஒன்று உண்டு. 1986-ல் ஒரு கொடையில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பிடித்தது. கடற்காற்று ஊர் அல்லவா, நாடா முழுக்கப் பூஞ்சை. வில்லின் மணிச் சத்தம் மட்டும் எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. 1970-களின் கடைசியில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் நம் மாவட்டத்துக்கு வந்து ஊர் ஊராகக் கொடைகளில் உட்கார்ந்து வில்லுப்பாட்டைப் பதிவு செய்தார். 1988-ல் அது ஆங்கிலப் புத்தகமாகவும் வந்தது. அத்தனை தூரத்திலிருந்து வந்தவர் செய்ததை, அடுத்த தெருவில் இருக்கும் நான் செய்ய வேண்டாமா? ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷமாகியும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

போனில் பிடித்தால் போதாதா என்று பேத்தி கேட்டாள். பிடித்துப் பார்த்தோம். போன் மனுஷர் பேசுவதற்காகச் செய்த சாதனம். சத்தம் கூடினால் தானே குறைக்கும், குறைந்தால் தானே கூட்டும். குடத்தின் வாயில் ஓங்கி ஓர் அடி விழுந்ததும் போன் பயந்துபோய் எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. அடுத்த அரை வினாடி அண்ணாவியின் குரல் கிணற்றுக்குள் போய்த் திரும்புகிறது. உடுக்கைச் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டியும் விடுகிறது. அதனால் ஒரு நல்ல மைக்கும், அதைக் கம்ப்யூட்டரில் சேர்க்க ஒரு பெட்டியும் வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினி, மூத்த பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அப்போதே அதற்குள் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கும். சென்னை சி-டாக் செய்த லினக்ஸ் அது. யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு விண்டோஸ் நொண்டத் தொடங்கியதும் பேத்தி புதிது வாங்கிக்கொண்டாள், பழையது என் மேஜைக்கு வந்தது. அதில் ரேமைக் கொஞ்சம் கூட்டி லினக்ஸ் மின்ட் போட்டேன். இன்றைக்கும் சலிக்காமல் ஓடுகிறது. இந்தப் பதிவை அடிப்பதும் அதில்தான்.

தை மாதக் கடைசியில் மகன் ஆன்லைனில் ஒரு பெட்டியை வரவழைத்துக் கொடுத்தான். கம்பெனிப் பெயர் வேண்டாம். பார்க்க லட்சணமாக இருந்தது. மேலே ஒரே ஒரு பெரிய குமிழ். மற்றதெல்லாம் மென்பொருளில் செய்துகொள்ளலாம் என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். நானும் அதைப் பெருமை என்றே நினைத்தேன்.

அண்ணாவியையும், குடம் அடிக்கிறவரையும், உடுக்கைக்காரரையும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். அண்ணாவி குளித்து, திருநீறு பூசி, வேட்டி மாற்றி வந்திருந்தார். அவருக்கு அது மேடைதான். பெட்டியைச் செருகினேன். மடிக்கணினி அதன் பெயரை அழகாகக் காட்டியது. ஆனால் மைக் ஊமை. பேசினாலும் தட்டினாலும் கோடு அசையவில்லை. நான் வாங்கியது கண்டென்சர் மைக். அதற்குப் பெட்டியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். அந்தச் சுவிட்ச் பெட்டியில் இல்லை, கம்பெனியின் மென்பொருளுக்குள் இருக்கிறது. அந்த மென்பொருளோ விண்டோஸுக்கும் ஆப்பிளுக்கும் மட்டும்தான்.

இதில் ஒரு வேடிக்கை. நான் 31 வருஷம் வேலை பார்த்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். அங்கே பேட்டரி அறையில் வரிசையாக நின்றதும் அதே 48 வோல்ட்தான். மைக்குக்கு 48 வந்த கதை வேறு. 1966-ல் ஜெர்மனியின் நாய்மன் கம்பெனிக்காரர்கள் நார்வே வானொலிக்கு மைக் செய்து கொடுத்தபோது, அந்த நிலையத்தில் அவசர விளக்குக்காக 48 வோல்ட் இணைப்பு ஏற்கெனவே இருந்ததாம். அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள், அதுவே உலகத்துக்கு அளவாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க 48 வோல்ட்டோடு குடும்பம் நடத்திய எனக்கு, அன்று ராத்திரி ஒரு மைக்குக்கு அதைக் கொடுக்க முடியவில்லை.

எட்டரை மணி வரை போராடினேன். மருமகன் தன் விண்டோஸ் கணினியில் செருகி, மென்பொருளில் சுவிட்சைப் போட்டார். அங்கே மைக் பேசியது. ஆனால் மறுநாள் காலையில் அவர் ஊருக்குக் கிளம்ப வேண்டும், கணினியும் கூடவே போகும். கழற்றி என்னுடையதில் செருகினால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

“என்ன தம்பி, பெட்டிக்குத் தொண்டை கட்டிட்டா?” என்றார் அண்ணாவி.

“ஆமா அண்ணாவி. இன்னைக்கு நடக்காது போலுக்கு.”

“சவம் கெடக்கட்டும். இன்னொரு நாளு பாத்துக்கிடலாம்” என்று எழுந்தார். கட்டன் சாயா மட்டும் குடித்தார். இன்னொரு நாள் என்று 80 வயதுக்காரர் சொல்லும்போது கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்! நினைத்தபடியே மாசியில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டியது. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் பாட்டு இல்லை. கொடைக்குக்கூடப் போகவில்லை.

அந்த இரண்டு மாதமும் எனக்குப் படிப்புதான். கீபோர்டையும் பென் டிரைவையும் செருகினால் எந்தக் கணினியும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறதே, ஏன்? யூஎஸ்பியை வகுத்தவர்கள் ஒவ்வொரு வகைச் சாதனமும் இப்படித்தான் பேச வேண்டும் என்று பொது மொழி ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒலிக்கு அப்படி எழுதியது 1998-ல், அதன் இரண்டாம் பதிப்பு 2006-ல். அந்த மொழியில் பேசும் பெட்டிக்குத் தனியாக டிரைவர் வேண்டாம். லினக்ஸின் உள்ளே அல்சா என்று ஓர் ஒலிப் பகுதி இருக்கிறது, அதற்கு இந்த மொழி தெரியும். இரண்டாம் பதிப்பை விண்டோஸ் தானாகப் புரிந்துகொள்ள ஆரம்பித்ததே 2017-ல்தான். லினக்ஸ் அதற்குச் சில வருஷம் முன்பே புரிந்துகொண்டது. இதைச் சொன்னால் கடைக்காரர்கள் நம்புவதில்லை.

இத்தகைய பெட்டிகளை ‘கிளாஸ் கம்ப்ளையண்ட்’ என்பார்கள். அட்டையில் அப்படிப் போடாவிட்டாலும் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. ஐபேடில் எதையும் நிறுவாமல் வேலை செய்யும் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் லினக்ஸிலும் வேலை செய்யும். எதையும் நிறுவாமல் ஓடுகிறது என்றால் அந்தப் பெட்டிக்குத் தனி டிரைவர் வேண்டாம் என்பதுதான் காரணம்.

ஆனால் எனக்கு வாய்த்த முதல் பெட்டியும் இந்த மொழி தெரிந்ததுதான்! அதனால்தானே பெயர் தெரிந்தது. ஆகவே என் கட்சி இன்னும் ஒரு படி மேலே: 48 வோல்ட் சுவிட்ச், ஒவ்வொரு மைக்குக்கும் தனிக் குமிழ், பாடுகிறவர் தன் குரலைக் கேட்க ஹெட்போன் குமிழ், இந்த மூன்றும் பெட்டியின் உடம்பிலேயே இருக்க வேண்டும். விரலால் தொட்டுத் திருப்ப முடியாத எதையும் நான் இனி வாங்க மாட்டேன். மென்பொருளுக்குள் இருக்கும் சுவிட்ச் கம்பெனிக்காரனின் சுவிட்ச். அவன் மனது வைக்கும் வரைதான் நமக்கு.

மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கிட்டாத் தீர்ந்துதே அப்பா” என்றான். தீராது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. புதிய விண்டோஸ் பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது. மருமகன் வீட்டில் ஒரு பெட்டி கிடக்கிறது, நல்ல விலை கொடுத்து வாங்கியது. புதிய விண்டோஸுக்கு அதன் டிரைவர் வரவே இல்லை. பெட்டிக்குள் ஒரு கம்பிகூட அறுந்திருக்காது. பரணில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மென்பொருள் சுவிட்ச் உள்ள பெட்டி எல்லாமே லினக்ஸுக்கு ஆகாது என்பதில்லை. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் இப்படி உள்ளே ஒளிந்திருக்கும் அமைப்புகளுக்காக ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி பென்னெட் என்பவர் தாமே முயன்று லினக்ஸுக்கு நிரல் எழுதியிருக்கிறார். அது இப்போது லினக்ஸின் உள்ளேயே சேர்ந்துவிட்டது. மெச்ச வேண்டிய வேலை. ஆனால் நம் பெட்டிக்கு அப்படி ஒரு புண்ணியவான் அமைவாரா என்று பார்த்துக்கொண்டிருக்க என் வயதில் நேரமில்லை.

சித்திரை கடைசியில் மடிக்கணினியையும் மைக்கையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி நாகர்கோவில் போனேன். கடைப் பையன் நல்லவன்.

“அண்ணாச்சி, லினக்ஸுக்கு இதுல டிரைவர் கிடையாது. வாங்கிட்டுப் போய்ட்டுத் திருப்பிக் கொண்டாராதீங்கோ.”

“டிரைவர் இல்லைன்னா அதுதான் எனக்கு வேணும் தம்பி. ஒரு தடவை செருகிப் பாப்பமா?”

மூன்று பெட்டிகளைச் செருகிப் பார்த்தோம். கடைசியில் எடுத்தது பெஹ்ரிங்கர் யூஎம்சி 202எச்டி. இரண்டு மைக் போடலாம். முன்னால் குமிழ்கள், பின்னால் 48 வோல்ட் சுவிட்ச். செருகியதும் ஆடாசிட்டியில் பெயர் வந்தது, பேசியதும் கோடு ஆடியது. பையன் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டான். இதைவிட விலை கூடியது, சத்தம் சுத்தமானது எல்லாம் இருக்கின்றன. மிச்சப் பணத்தை மைக்கிலும் ஸ்டாண்டிலும் போடுங்கள் என்பேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, மைக்கை ஒரு சாண் தள்ளி வைப்பதில் வரும் வித்தியாசம் பெரிது.

பாறசாலை தாண்டினால் கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். நம் பக்கத்திலும் 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறி, அரசு அலுவலகங்களுக்கும் கொண்டு போனது. அந்த வேகம் அப்படியே நின்றிருந்தால், கடைப் பையன் என்னை அப்படிப் பார்த்திருக்க மாட்டான் என்று தோன்றுகிறது. போகட்டும்.

வைகாசி நடுவில் அண்ணாவிக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியது. மூன்று சாயங்காலம், ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம். ஒரு மைக் அவருக்கு, ஒன்று குடத்துக்கும் உடுக்கைக்கும் நடுவில். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகிறது. இரண்டு பென் டிரைவில் வைத்திருக்கிறேன், மகன் வீட்டில் ஒன்று. குரல் தையில் இருந்த குரல் இல்லை. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது இரண்டு இடத்தில் உடைந்து இருமல் வருகிறது. அதை வெட்டவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அதற்குள் தொடங்கிவிட்டது. ஜன்னலையெல்லாம் அடைத்தும் மூன்றாம் நாள் பதிவில் தென்னை ஓலைச் சத்தம் லேசாகக் கேட்கிறது.

ஹெட்போனை மாட்டிவிட்டதும் அண்ணாவி கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டார். பிறகு குடக்காரரைப் பார்த்து, “இத்தனை வருஷமும் நீ இப்பிடியா அடிச்சே? மேடையில எனக்கு ஒண்ணும் கேட்டதில்லையே” என்றார்.

இன்னும் இரண்டு கதை பாக்கி. காற்று அடங்கட்டும் என்று நான் சொன்னேன். காத்திருக்க வேண்டாம், ஆடி பிறக்கும் முன்னாலேயே வைத்துக்கொள்வோம் என்கிறார் அவர். ஜன்னலுக்குப் பழைய கம்பளி இரண்டு கேட்டு வைத்திருக்கிறேன்.