அபாய மணிக்கு எந்த லைன்?



இன்று சிறிய மளிகைக் கடையில்கூடத் திருட்டு அபாய மணி மாட்டும் வழக்கம் வந்துவிட்டது. இரவில் யாராவது ஷட்டரை நெம்பினால் மணி அலறும். கூடவே நாம் பதிந்து வைத்த எண்களுக்குத் தானாகப் போன் போட்டுச் செய்தியும் சொல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கருவி வாங்கும்போது விலை, உத்தரவாதம், தள்ளுபடி எல்லாம் கேட்கும் நம்மவர்களில் பலர், அது எந்த லைனில் பேசப்போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. மாட்ட வந்தவர் கைக்கு எட்டிய லைனில் சேர்த்துவிட்டுப் போகிறார். நடுச்சாமத்தில் கடைத்தெருவில் மணி அலறினால் கேட்க யார் இருக்கிறார்கள்? செய்தி நம் வீடு வந்து சேர்ந்தால்தான் போட்ட பணத்துக்குப் பலன்.

பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு ஒரு சிறப்பு உண்டு. அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வருகிறது. கடையில் கரண்டு போனாலும் போன் வேலை செய்யும். கண்ணாடி இழை லைன் அப்படியல்ல. இழையில் வருவது வெளிச்சம், மின்சாரம் அன்று. கடையிலுள்ள மோடத்துக்கு நம் கரண்டுதான் வேண்டும். கரண்டு நின்றால் போனும் நின்றது. விவரம் தெரிந்த திருடன் முதலில் கை வைப்பது வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டி ஃபியூஸில்தான். அப்போது அபாய மணிக்குள் பேட்டரி இருந்தும் செய்தி வெளியே போகாது.

பல ஊர்களில் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு இழை லைனுக்கு மாற்றி வருகிறார்கள். பழைய எண்ணே தொடர்வதால் வித்தியாசம் கடைக்காரருக்குத் தெரிவதில்லை. மாற்றித் தருகிறவர்கள் இந்த விவரத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சிம் கார்டு போடும் கருவியும் உண்டு. வெட்டுவதற்கு ஒயர் இல்லை என்பது அதன் பலம். ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, விலை குறைந்த கருவிகளில் பல 2ஜி மட்டும் ஏற்பவை. ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி கிடையாது. அந்த சிம் இவற்றில் பேசாது. இரண்டாவது, 90 நாள் உபயோகிக்காமல் கிடந்தால் நிறுவனம் சிம்மை நிறுத்திவிட விதியில் இடம் உண்டு. அபாய மணி நல்லபடியாக இருந்தால் யாருக்கும் போன் போடாது. ஆகவே அதன் சிம் நமக்குத் தெரியாமலே செத்துக் கிடக்கலாம். மூன்றாவது, இரும்பு ஷட்டர் போட்ட கிட்டங்கிக்குள் சிக்னல் குறையும். ஷட்டரை இறக்கிவிட்டுச் சோதிப்பதே சரி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்சாரத்தோடு கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்ததை நம் வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரே லைனை நம்பக் கூடாது என்பதே நம் முடிவான கருத்து. லைனும் சிம்மும் இரண்டும் ஏற்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். செம்பு லைன் இருக்கிறவர்கள் அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இழை லைன் வந்துவிட்டதா? மோடத்துக்கென்று சிறிய யு.பி.எஸ். ஒன்று வையுங்கள், ஒரு டின் எண்ணெய் விலைக்குள் முடியும். செம்பு லைன் முதலில் அபாய மணிக்கு வந்து, பிறகுதான் மேஜைப் போனுக்குப் போக வேண்டும். அப்படிச் செய்தால் ரிசீவரைச் சரியாக வைக்காமல் போனாலும் கருவி லைனைப் பிடித்துக்கொள்ளும்.

யார் எண்ணைப் பதிவது என்பதும் முக்கியம். முதலில் நம் எண், அடுத்து வீட்டில் இன்னொருவர், அதற்கடுத்து கடைத்தெருவிலேயே குடியிருக்கும் ஒரு வியாபாரி. 100, 101, 112 ஆகியவற்றைக் கருவியில் ஏற்ற வேண்டாம். பதிவு செய்த குரல் எதிர்க் கேள்விக்குப் பதில் சொல்லாது. எலி ஓடி மணி அடித்தாலும் காவல் துறையை எழுப்பிவிடும். செய்தி கிடைத்தவர் தாமே பேசி விவரம் சொல்வதுதான் முறை.

மாதா மாதம் அமாவாசைக்குக் கடையில் பூசணிக்காய் சுற்றி உடைக்கிறோம் அல்லவா? அன்றைக்கே கடை அடைக்கும் நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அபாய மணியை ஒரு முறை அடிக்க விட்டுப் பாருங்கள். பதிந்த எண்கள் எல்லாவற்றுக்கும் போன் வந்ததா என்று கேளுங்கள். அடுத்து லைனைக் கழற்றிவிட்டு சிம்மை மட்டும் சோதியுங்கள். சிம்மும் உயிரோடு இருக்கும். பத்து நிமிட வேலை.

காப்பீடு போன சரக்குக்குப் பணம் தரும். கிட்டங்கியில் படுத்துறங்கும் வேலையாளின் உயிருக்கு ஈடு எதுவும் இல்லை. அவரை நினைத்தாவது இந்த மாதமே உங்கள் லைனைச் சோதித்துப் பாருங்கள்.